ரத்தத்தோட "ஆன்டிஆக்ஸிடன்ட் பவர்" டெஸ்ட்டை பேக்கேஜ்லேர்ந்து எடுத்துடுங்க: லேப் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல ரத்தப் பரிசோதனை லேப் நடத்துற முதலாளிங்களுக்கும், மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல எந்த டெஸ்ட்டைச் சேக்கலாம்னு முடிவு பண்ற பேத்தாலஜிஸ்ட், பயோகெமிஸ்ட் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் இதே தொழில்ல இருக்கிறவதான். காலையில வந்து அனலைசரை ஆன் பண்ணி, க்யூசி (தரக்கட்டுப்பாட்டு சாம்பிள்) ஓட்டி, அது ரேஞ்சுக்குள்ள வந்தாதான் பேஷன்ட் சாம்பிளைத் தொடுறவ. அந்த உரிமையிலதான் எழுதுறேன். "டோட்டல் ஆன்டிஆக்ஸிடன்ட் கெப்பாசிட்டி"ங்கிற டெஸ்ட்டை, அதாவது செல்லைச் சேதப்படுத்துற ஆக்ஸிஜன் பொருள்களை அடக்குற சரக்கு (ஆன்டிஆக்ஸிடன்ட்) ரத்தத்துல மொத்தம் எவ்வளவுன்னு சொல்ற டெஸ்ட்டை, வெல்னஸ் பேக்கேஜ், ஆன்டி-ஏஜிங் பேக்கேஜ்னு பேர் போட்டு பொதுஜனத்துக்கு விக்கிறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. அதுக்குப் போடுற காசுலயும் உழைப்புலயும் ஒரு பங்கையாவது ஜி6பிடி டெஸ்ட்டுக்கு (சிவப்பணுவைக் காக்குற ஒரு என்சைம் குறைவா இருக்கான்னு பாக்குறது) திருப்புங்க. ஏன் இப்படிச் சொல்றேன்னு கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா ரெண்டு வரில சொன்னா "உனக்கென்ன தெரியும்"னு போயிடுவீங்க.

அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாப்போம். நிறைய முறை இருக்கு, அதுல ரொம்ப எளிமையானது ஃப்ராப். 1996-ல பென்ஸி, ஸ்ட்ரெய்ன்னு ரெண்டு பேர் வெளியிட்டது. ஃபெர்ரிக் நிலையில இருக்கிற இரும்பை டிபிடிஇசட்ங்கிற ரீஏஜன்ட்டோட கலந்து வெச்சிருப்போம், அதுல சீரத்தை (ரத்தத்துல செல்லை நீக்கின தெளிஞ்ச திரவம்) விட்டா, சீரத்துல எலக்ட்ரான் குடுக்கிற சரக்கு எவ்வளவு இருக்கோ அந்த அளவுக்கு இரும்பு ஃபெரஸா மாறி நல்லா கருநீலமா கலர் ஏறும், அதை 593 நானோமீட்டர்ல படிச்சா ரிசல்ட். அவ்வளவுதான் டெஸ்ட்டு. இது நடக்கிற பிஹெச் 3.6, நம்ம ரத்தத்தோட பிஹெச் 7.4. அந்த அமிலத்துல ஒரு இரும்பு கலர் மாறுறதை வெச்சு "உங்க உடம்பு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை எவ்வளவு தாங்கும்"னு, அதாவது அந்த ஆக்ஸிஜன் பொருள்களோட தாக்குதலை எவ்வளவு தாங்கும்னு ரிப்போர்ட்ல எழுதுறோம்.

சரி, அந்தக் கலரை ஏத்துறது யாரு? விட்டமின் சி-ன்னு பேஷன்ட் நினைக்கிறாங்க, நெல்லிக்காயும் கேரட்டும் சாப்பிட்டதோட பலன்னு நினைக்கிறாங்க. ஆனா வெறும் வயித்துல எடுத்த பிளாஸ்மால அந்தக் கலர்ல கிட்டத்தட்ட 60 சதவீதம் யூரிக் ஆசிட்தான். கௌட்டுங்கிற மூட்டு வாதத்துக்குப் பாக்குறோமே, அதே யூரிக் ஆசிட். மத்த மிருகங்கள்ல பலதுக்கு யூரிக்கேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது யூரிக் ஆசிட்டை உடைச்சிடும், மனுஷனுக்கு அது வேலை செய்யாது, அதனால நம்ம ரத்தத்துல யூரிக் ஆசிட் விட்டமின் சி-யை விட பல மடங்கு அதிகமா ஓடுது. யூரிக் ஆசிட்டும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான், 1981-லயே புரூஸ் ஏம்ஸ்ங்கிற விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் எழுதினாங்க, அதை நான் மறுக்கலை. ஆனா அது ஏறினா உடம்பு நல்லா இருக்குன்னு உங்கள்ல யாராவது சொல்லுவீங்களா? யூரிக் ஆசிட் டெஸ்ட்டுக்கு நாம போடுற ரேஞ்சுல 7.2-க்கு மேல போனா சிவப்புல ஃபிளாக் போடுறோம், அதே ரிப்போர்ட்டோட அடுத்த பக்கத்துல அதே யூரிக் ஆசிட்டால ஏறின நம்பருக்குப் பச்சைல "எக்ஸலன்ட்"னு போடுறோம்.

இது எங்க வீட்டுலயே நடந்தது. பெரியப்பாவுக்கு சுகர் ரொம்ப வருஷமா, கிட்னியும் பாதிச்சிடுச்சு. அவரோட பையன் வெளியூர்லேர்ந்து ஆசையா ஒரு பெரிய பேக்கேஜ் புக் பண்ணி விட்டான், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. எந்த லேப்புன்னு வேண்டாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தார். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 3.8, அதாவது ரொம்ப அதிகம், யூரிக் ஆசிட் 9.4. அதுக்குக் கீழ அரை வட்டத்துல ஒரு மீட்டர் படம், முள்ளு பச்சைல நிக்குது, "ஆன்டிஆக்ஸிடன்ட் நிலை: மிகச் சிறப்பு, தற்போதைய உணவுமுறையைத் தொடரவும்"னு தமிழ்ல அழகா அச்சடிச்சிருக்கு. அவருக்குக் கிரியேட்டினின் நம்பர் புரியாது, படம் புரிஞ்சிடுச்சு. "ஏம்மா, ரத்தம் நல்ல சக்தியோட இருக்குன்னு போட்டிருக்கானே, அப்புறம் எதுக்கு மாசாமாசம் அந்த கிட்னி டாக்டர்கிட்ட போய் காத்துக் கிடக்கணும்"னு கேட்டார். அவர்கிட்ட நான் உக்காந்து, பெரியப்பா, கிட்னி வெளிய தள்ளாததால யூரிக் ஆசிட் உள்ளயே தேங்குது, அது தேங்கினதால இந்த முள்ளு பச்சைக்குப் போயிருக்குன்னு சொல்லிப் புரிய வைக்க வேண்டியதாப் போச்சு. லேப்ல வேலை பாக்குற ஆள் வீட்டுல இருந்ததால அவருக்குத் தெரிஞ்சுது. இல்லாத வீட்டுல?

கிட்னி மட்டும் இல்லை. மஞ்சக்காமாலைல பிலிருபின்ங்கிற மஞ்சள் நிறமி ஏறினாலும் இந்த நம்பர் ஏறும், பிலிருபினும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான், 1987-லயே நிரூபிச்ச விஷயம். ராத்திரி பீரும் ஈரல் வறுவலும் சாப்பிட்டுட்டு மறுநாள் காலையில ரத்தம் குடுத்தாலும் யூரிக் ஆசிட் வழியா ஏறலாம். இதுக்கு நேர் எதிர்ல ஒரு கௌட் பேஷன்ட்டை யோசிச்சுப் பாருங்க, டாக்டர் எழுதின ஃபெபுக்ஸோஸ்டாட்டை ஒழுங்கா சாப்பிட்டு யூரிக் ஆசிட் 9-லேர்ந்து 5.5-க்கு இறங்கியிருக்கும், மூட்டு வலி போயிருக்கும், அவருக்கு இந்த டெஸ்ட்டு "முன்னை விட குறைஞ்சிடுச்சு"ன்னு காட்டும். நல்லா வேலை செஞ்ச மருந்தை அவர் நிறுத்திட்டா யார் பொறுப்பு? பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நிக்கிற வரைக்கும் யூரிக் ஆசிட் ஆம்பளைங்களை விட இயல்பாவே குறைவு. ஆண், பெண்ணுக்குத் தனித்தனி ரேஞ்ச் போடாத ரிப்போர்ட்ல நல்லா ஆரோக்கியமா இருக்கிற முப்பது வயசுப் பொண்ணுக்கு "லோ"ன்னு வந்து நிக்கும்.

"பழம் சாப்பிட்டா ஏறுதே, ஸ்டடி இருக்கே"ன்னு கிட் விக்கிற கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. அந்தக் கதையையும் பாத்துடலாம். அமெரிக்காவுல ஒரிகான் ஸ்டேட் யுனிவர்சிட்டில லோட்டிட்டோ, ஃப்ரை ரெண்டு பேரும் ஆரோக்கியமான ஆட்களுக்கு அஞ்சு ஆப்பிளைக் குடுத்து ரத்தத்தைப் பாத்தாங்க, 2004-ல வெளியிட்டாங்க. ஆன்டிஆக்ஸிடன்ட் கெப்பாசிட்டி ஏறுச்சு. அவங்க அதோட நிக்கலை, ஆப்பிள்ல எவ்வளவு ஃப்ரக்டோஸ் இருக்கோ அதே அளவை வெறும் தண்ணில கரைச்சும் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் ஏறுச்சு. ஃப்ரக்டோஸ் கல்லீரல்ல உடையும்போது யூரிக் ஆசிட் உண்டாகுது, ஏறினது அதுதான், ஆப்பிள் தோல்ல இருக்கிற ஃப்ளேவனாய்டுங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்களோட நேரடி வேலைன்னு சொல்ல அதுல ஒண்ணும் கிடைக்கலை. சர்க்கரைத் தண்ணி குடிச்சா கூடுற ஒரு நம்பரை வெச்சு நாம சுகர் பேஷன்ட்டுக்கு டயட் அட்வைஸ் குடுக்கிறோம், இதை நினைச்சா எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது.

உணவுப் பக்கமும் இதே கதைதான். ஓராக்னு ஒரு அளவை வெச்சு எந்தப் பழத்துல எவ்வளவுன்னு பெரிய பட்டியலை அமெரிக்க விவசாயத் துறையே இணையத்துல போட்டிருந்தது, 2012-ல அவங்களே அதை எடுத்துட்டாங்க. அந்த நம்பருக்கும் மனுஷ உடம்புல நடக்கிறதுக்கும் சம்பந்தம் காட்ட முடியலை, சப்ளிமென்ட் கம்பெனிங்க அதைத் தப்பா பயன்படுத்துறாங்கன்னு காரணமும் சொன்னாங்க. அரசாங்கமே பின்வாங்கின விஷயத்தை நாம இன்னும் பிரோஷர்ல போட்டுக்கிட்டிருக்கோம்.

இதை விடப் பெரிய ஓட்டை வேற ஒண்ணு இருக்கு. உடம்பு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை உண்மையில சமாளிக்கிறது செல்லுக்குள்ள. சூப்பர்ஆக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ்னு என்சைம்கள், கூடவே குளூட்டாதயோன், இதெல்லாம் பெரும்பாலும் செல்லுக்குள்ள இருக்கிற சரக்கு. நாம என்ன பண்றோம், ட்யூபை சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி செல்லையெல்லாம் அடியில தள்ளிட்டு மேல நிக்கிற தெளிஞ்ச சீரத்தை எடுக்கிறோம். பாதுகாப்போட முக்கால்வாசி அந்த அடியில போயிடுச்சு. பிளாஸ்மாலயே டிரான்ஸ்ஃபெரின், செருலோபிளாஸ்மின் ரெண்டும் இரும்பையும் செம்பையும் கெட்டியாப் பிடிச்சு வெச்சு அதுங்க வம்பு பண்ணாம பாத்துக்குது, அதையும் ஃப்ராப் கணக்குல எடுக்காது. வாசல்ல கிடக்குற செருப்பை எண்ணிப் பாத்துட்டு உள்ள பந்தில என்ன பரிமாறுறாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு இது.

இன்னும் சில கிளினிக்ல விரல்ல குத்தி ஒரு சின்ன மெஷின்லயே டி-ராம்ஸ், பிஏபின்னு ரெண்டு நம்பர் எடுத்துக் குடுக்கிறாங்க, இத்தாலில உருவான முறை. ஒண்ணு தாக்குதல், இன்னொண்ணு தடுப்புன்னு விளக்கம். பிஏபியும் ஃபெர்ரிக் இரும்பு கலர் மாறுற அதே வகை கணக்குதான். டி-ராம்ஸ் ரீடிங்ல செருலோபிளாஸ்மின் புகுந்து குழப்புதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டியிருக்காங்க, அந்தப் புரோட்டீன் கர்ப்பத்துலயும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சாதாரணமாவே கூடும்.

நம்ம பெஞ்சு வேலையைப் பத்தியும் மனசாட்சியோட யோசிங்க. விட்டமின் சி ட்யூப்ல கொஞ்ச நேரத்துலயே சிதைய ஆரம்பிக்கும், ஒழுங்கா பாக்கணும்னா ஐஸ்ல வெச்சு உடனே பிரிச்சு அமிலம் சேத்து நிறுத்தணும். நாம மே மாச வெயில்ல பைக் பெட்டில வெச்சு நாலு வீடு சுத்தி எடுத்துட்டு வர்றோம். ஊதா மூடி ட்யூப்ல எடுத்த சாம்பிளை இதுக்கு ஓட்டவே கூடாது, அதுல இருக்கிற ஈடிடிஏங்கிற கெமிக்கல் இரும்பைப் பிடிச்சுக்கும், இது தெரியாம ஓட்டுற இடமும் இருக்கு. ஃப்ராப்ல வர்ற நம்பரும் ஏபிடிஎஸ்ங்கிற இன்னொரு முறைல வர்ற நம்பரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது, ரெண்டும் ஒரே பேர்ல ரிப்போர்ட் ஆகுது. குளுக்கோஸ், கிரியேட்டினினுக்கெல்லாம் நாம வேலூர் சிஎம்சி நடத்துற வெளி தரக்கட்டுப்பாட்டு திட்டத்துல சேந்து மாசாமாசம் ஒப்பிட்டுப் பாக்குறோம். இந்த டெஸ்ட்டுக்கு உங்க லேப் யாரோட ஒப்பிட்டுப் பாக்குது? லேபுகளுக்குத் தரச் சான்று குடுக்கிற என்ஏபிஎல் அமைப்போட அங்கீகாரம் டெஸ்ட் வாரியா வர்றது, இந்த டெஸ்ட்டு உங்க ஸ்கோப்ல இருக்கா? ரிப்போர்ட் தலைப்புல முத்திரை இருக்கிறதால பேஷன்ட் உள்ள இருக்கிற எல்லா வரிக்கும் அது பொருந்தும்னுதான் நம்புவாங்க.

ஆராய்ச்சிக்கு இது வேண்டாம்னு நான் சொல்லலை. குழுவுக்குக் குழு ஒப்பிடுறப்ப, யூரிக் ஆசிட்டைக் கழிச்சுப் பாக்குறப்ப ஏதாவது தகவல் கிடைக்கலாம், காலேஜ்ல ஸ்டூடண்ட்ஸ் பண்ணட்டும். ஒரு தனி மனுஷன் கையில "உன் நிலைமை இது"ன்னு குடுக்கிற தகுதி இதுக்கு இல்லை.

என் கோபமெல்லாம் "லோ"ன்னு வந்த பிறகு நடக்கிறதுலதான். முதல்ல கேப்ஸ்யூல். பீட்டா கரோட்டின், விட்டமின் ஈ எல்லாம் ஒண்ணும் பண்ணாது, சாப்பிட்டா நல்லதுதானேன்னு கவுன்டர்லயே சொல்லிக் குடுக்கிறாங்க. ஃபின்லாந்துல 29,133 புகைபிடிக்கிற ஆம்பளைங்களை வெச்சு நடந்த ஏடிபிசி ட்ரையல்ல, 1994-ல ரிசல்ட் வந்தப்ப, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புத்துநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவுல செலக்ட்னு இன்னொரு ட்ரையல், 35,000 பேருக்கு மேல, விட்டமின் ஈ சாப்பிட்ட ஆம்பளைங்களுக்கு புராஸ்டேட் புத்துநோய் 17 சதவீதம் கூடுச்சுன்னு 2011-ல வந்தது. இதெல்லாம் பெரிய பெரிய ட்ரையல், யாரோ ஒருத்தரோட அபிப்பிராயம் இல்லை.

அடுத்தது டிரிப். முகம் பளபளக்கும், ரத்தம் சுத்தமாகும்னு குளூட்டாதயோனும் அதிக டோஸ் விட்டமின் சி-யும் நரம்புல ஏத்துறாங்க. இங்கதான் நான் கெஞ்சிக் கேக்குறேன், கவனமா படிங்க. கிராம் கணக்குல விட்டமின் சி-யை நரம்புல ஏத்தினா அது ஆன்டிஆக்ஸிடன்ட்டா இருக்கிறதை விட்டுட்டு எதிர் வேலை பாக்கும், ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். சாதாரண ஆளோட சிவப்பணு அதைச் சமாளிச்சிடும். ஜி6பிடி குறைபாடு இருக்கிறவங்களோட சிவப்பணு உடையும். ஹீமோகுளோபின் சரசரன்னு இறங்கி, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போயி, கிட்னி வரைக்கும் அடிபட்டு ஐசியூல சேந்தவங்களைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவு இருக்கு. அதனாலதான் அதிக டோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி ஜி6பிடி பாக்கணும்னு விதி வெச்சிருக்காங்க. நம்ம டெஸ்ட்டுல "ஆன்டிஆக்ஸிடன்ட் குறைவு"ன்னு பாத்து பயந்து ஒருத்தர் டிரிப்புக்குப் போறார், அவரோட ரத்தம் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைத் தாங்குமாங்கிற நிஜமான கேள்வியை மட்டும் யாரும் பாக்கலை.

அந்த நிஜமான கேள்விக்குப் பதில் சொல்ற டெஸ்ட்டு நம்ம கையில எப்பவோ இருக்கு. சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, குளூட்டாதயோனைத் திரும்பத் திரும்பத் தயார் பண்ண என்ஏடிபிஹெச்ங்கிற மூலக்கூறு வேணும், அது கிடைக்க அதுக்கு இருக்கிறது ஒரே வழி, அந்த வழியோட முதல் என்சைம் ஜி6பிடி. இது குறைஞ்சா சிவப்பணு தாங்காது. 1956-ல பிரைமாகுயின்ங்கிற மலேரியா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ஏன் ரத்தம் உடையுதுன்னு தேடினப்ப கண்டுபிடிச்சாங்க. உலகத்துல சுமார் 40 கோடி பேருக்கு இது இருக்குன்னு கணக்கு, எக்ஸ் குரோமோசோம்ல வர்றதால ஆம்பளைப் பசங்களுக்குத்தான் அதிகம் பாதிப்பு. சென்னை மாதிரி மாடித் தொட்டிக் கொசுவால விவாக்ஸ் மலேரியாவைப் பாத்த ஊர்க்காரங்களுக்கு 14 நாள் பிரைமாகுயின் கோர்ஸ் புதுசு இல்லை, அதைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஜி6பிடி பாக்கச் சொல்றது இதுக்காகத்தான்.

குழந்தைங்க விஷயம் இன்னும் முக்கியம். இந்தக் குறைபாட்டால பிறந்த சில நாள்ல மஞ்சள் சட்டுனு ஏறி, மூளைல பிலிருபின் படிஞ்சா அந்தக் குழந்தைக்கு காது கேக்காம போகலாம், கை கால் வராம போகலாம், உயிரே போகலாம். நம்ம வீடுகள்ல என்ன பண்றோம், பீரோல பாச்சை உருண்டை போட்டு பத்திரமா வெச்சிருந்த பழைய காட்டன் புடவையையும் வேட்டியையும் எடுத்து, மெத்துனு இருக்கும்னு பாசமா குழந்தைக்குச் சுத்துறோம். அந்த நாப்தலீன் வாசனை மூக்கு வழியாவும் தோல் வழியாவும் உள்ள போகுது, ஜி6பிடி குறைவான குழந்தைக்கு அது ஒண்ணே போதும் ரத்தம் உடைய. பச்சைக் குழந்தை கைல மருதாணி வைக்கிறதும் இதே மாதிரி ஆபத்து. பிறந்தப்பவே தெரிஞ்சிருந்தா "இந்தத் துணி வேண்டாம், இந்த மாத்திரை வேண்டாம்"னு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு போதும். சிங்கப்பூர்ல 1965-லேர்ந்தே பிறக்கிற குழந்தைங்களுக்குத் தொப்புள்கொடி ரத்தத்துலயே இதைப் பாத்துடுறாங்க.

செலவும் பெருசில்லை, ஸ்கிரீனிங் டெஸ்ட்டு பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள்ள முடியும், ஊதா மூடி ட்யூப்லயே ஓட்டலாம். உங்க டெக்னீஷியனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க: ரத்தம் உடைஞ்சுக்கிட்டிருக்கிற நேரத்துல எடுத்தா பொய்யா நார்மல் வரலாம். என்சைம் குறைஞ்ச கிழட்டு செல்லெல்லாம் உடைஞ்சு போயிருக்கும், புதுசா வந்த ரெட்டிகுலோசைட்ல என்சைம் கூடுதலா இருக்கும், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கணும். இதை ரிப்போர்ட்லயே ஒரு வரி போட்டா டாக்டருக்கும் உதவியா இருக்கும்.

அடுத்த தடவை பேக்கேஜ் லிஸ்ட் அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துடுங்க. உடனே முடியாது, கிட் வாங்கி வெச்சிட்டோம்னா, குறைஞ்சது அந்தப் பச்சை சிவப்பு மீட்டர் படத்தையாவது எடுங்க, யூரிக் ஆசிட், பிலிருபின், கிரியேட்டினின் மூணையும் பக்கத்துலயே போட்டு "இந்த அளவு யூரிக் ஆசிட்டால கூடலாம், இதை வெச்சு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது"ன்னு தமிழ்ல அச்சடிங்க. சப்ளிமென்ட் விக்கிறவங்க, டிரிப் கிளினிக் நடத்துறவங்க உங்ககிட்ட டை-அப் பேச வந்தா, அவங்க அனுப்புற ஒவ்வொரு ஆளுக்கும் ஜி6பிடி பாத்தாதான் பேசுவேன்னு சொல்லுங்க. பக்கத்துல இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போய், குழந்தைங்களுக்கு ஜி6பிடி நாங்க பண்ணித் தர்றோம், என்ன ரேட்டு உங்களுக்கு ஒத்து வரும்னு கேளுங்க. அந்த டெஸ்ட்டை எப்படி செட் பண்றது, கன்ட்ரோல் எப்படி ஓட்டுறது, ரிப்போர்ட்ல என்ன வாசகம் போடுறதுன்னு சின்ன லேப் யாராவது கேட்டா, நேர்ல வந்து உங்க டெக்னீஷியன் கூட நின்னு சொல்லித் தர நான் தயார், காசு ஒண்ணும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க தொழில்லயே இருக்கிற ஒரு பயோகெமிஸ்ட்